புனிதமலரின் படகில் ஒரு டிஷ்

சமுத்திரத்தாரகை வீட்டுத்திட்டம்,
முல்லைத்தீவு.
14.01.2025

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் யாக்கோப்பு அவர்களுக்கு,

மூத்த பேத்தி பிரஷாந்தினி வவுனியாப் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் வருடத்துக்கு ஏறிவிட்டாள். எங்கள் பரம்பரையில் வளாகத்து வாசல்படியை மிதித்த முதல் பிள்ளை அவள்தான். நிஷாந்தன் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு ஏ எடுத்திருக்கிறான். அவனுடைய தகப்பன் கணக்குப் பாடம் என்றால் கடலுக்கு ஓடி ஒளித்தவன் என்பது உனக்கும் தெரியும். கடைக்குட்டி பாலர் பள்ளி விளையாட்டுப் போட்டியில் தேசிக்காயும் கரண்டியும் ஓட்டத்தில் முதலாம் இடம். தேசிக்காய் விழவேயில்லை, நான் பக்கத்தில் ஓடிக்கொண்டே பார்த்தேன். பேரன் றொசான் இந்த வருடம் சொந்தப் படகுக்காரன்.

எல்லாருக்கும் மேலே கலிஸ்ரா. றொசானின் தங்கச்சி. இலங்கைப் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் இருபது வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோல்காப்பாளராகத் தெரிவாகி, அடுத்த மாதம் நேபாளத்துக்குப் பறக்கிறாள். சின்ன வயதில் றொசான் படகிலிருந்து எறிகிற பாரை மீன்களைக் கரையில் நின்று ஒவ்வொன்றாக ஏந்தின கை. பந்து என்ன, வழுக்கவா போகிறது?

இதெல்லாம் விண்ணப்பத்துக்குத் தேவையான விபரம் என்றபடியால் எழுதினேன். இனி விண்ணப்பம்.

இறுதிப் போட்டியை ரீவியில் நேரடியாகக் காட்டப் போகிறார்கள், எங்கள் பிள்ளை அதுவரைக்கும் வருவாள். அந்தச் சனல் டிஷ் இருந்தால்தான் வரும். என்னுடைய டிஷ்ஷைத் திரும்பவும் கூரையில் பூட்ட அனுமதி தரவேண்டும்.

போனில் பார் என்று பதில் எழுத வேண்டாம். இந்தக் கரையில் போனில் படம் பார்த்தால் ஒரு வட்டம்தான் சுற்றிக்கொண்டு நிற்கும். என் கண்ணுக்கு அந்த வட்டமே மங்கலாகத்தான் தெரிகிறது. என் பேத்தி பந்து பிடிப்பதை நான் என் வீட்டுச் சுவரில் பெரிதாகப் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உன் படலை என் படலையிலிருந்து கூப்பிடு தூரம். நீ என் கூடப்பிறந்த தம்பி. ஆனாலும் மார்கழிக் கூட்டத்தில் சனம் எல்லாம் பார்த்திருக்க, "அக்கா, எது வேணுமெண்டாலும் எழுத்தில தாங்கோ, பெட்டியில போடுங்கோ" என்று சொன்னாயே, அதுதான் பெட்டியில் போடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் திருத்தி வாசிக்கவும்.

இப்படிக்கு,
புனிதமலர்


18.01.2025

திருமதி புனிதமலர் அவர்களுக்கு,

தங்கள் விண்ணப்பம் கிடைத்தது. சங்க விதி ஏழின்படி, வீட்டுக் கூரையிலோ முன்சுவரிலோ முன்வளவுத் தரையிலோ டிஷ், அன்ரெனா எதையும் பொருத்தக்கூடாது. பின்வளவில் பொருத்தலாம்.

இந்த விதி யாரையும் குறிவைத்து எழுதப்பட்டதல்ல. மார்கழிப் புயலில் ஒரு வீட்டுக் கூரையிலிருந்த டிஷ் கழன்று பறந்து, இன்னொரு வீட்டுக் குசினிக் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்ததைச் சங்க உறுப்பினர்கள் அனைவரும் அறிவர். விதி வந்தபின் முதலில் கழற்றப்பட்டது தலைவர் வீட்டு டிஷ் என்பதையும் அறிவர். விதிவிலக்கு வழங்க இயலாது.

கலிஸ்ராவுக்கு என் வாழ்த்துக்கள். குடும்ப விபரங்கள் விண்ணப்பத்துக்குத் தேவையில்லை.

யாக்கோப்பு
தலைவர்


20.01.2025

தம்பி யாக்கோப்பு,

நான் உனக்கு எப்போதிலிருந்து திருமதி? உனக்கு விழுந்த முதல் பல்லை ஓலைக் கூரைக்கு மேல் எறிந்தவள் நான்.

பின்வளவில் பொருத்தலாமாம்! பின்வளவில் என்ன இருக்கிறது என்று தலைவருக்குத் தெரியாதா? எங்கள் வீடுகள் எல்லாம் கடலைப் பார்த்து ஒரே வரிசை. எல்லா வீட்டுக்கும் கோடிப்பக்கம் சவுக்கந்தோப்பு. அதற்குள் டிஷ்ஷை வைத்தால் சவுக்கு மரத்தைத்தான் பிடிக்கும். வானம் திறந்து கிடப்பது முன்பக்கம் மட்டும்தான். நீ தடுத்ததும் முன்பக்கம்தான். அதனால் இன்றைக்கு இந்தத் திட்டத்தில் ஒரு வீட்டிலும் டிஷ் இல்லை. அந்திப்பட்டால் பெண்டுகள் நாடகம் பார்க்க வழியில்லாமல் படலையில் நின்று ஊர்க்கதை கதைக்கிறார்கள். அதில் பாதி உன்னைப் பற்றித்தான்.

புயலில் பறந்தது என் டிஷ்தான். மறைக்கவில்லை. உன் குசினியில்தான் விழுந்தது. அடுத்த நாளே ஓடு வாங்கிக்கொண்டு றொசானை அனுப்பினேனா இல்லையா? அதற்குப் பிறகும் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி எழுப்பி நிறுத்தினாயே. அதுதான் இன்னும் என் தொண்டைக்குள் நிற்கிறது, மீன் முள்ளைப்போல.

சரி. கூரையில் இல்லை, சுவரில் இல்லை, தரையில் இல்லை. விளங்கிவிட்டது. விதியை நான் மீறமாட்டேன்.

அக்கா


04.02.2025

திருமதி புனிதமலர் அவர்களுக்கு,

தங்கள் முன்வளவில் ஏற்றி வைக்கப்பட்டுள்ள படகின் மேல் டிஷ் ஒன்று பூட்டப்பட்டிருப்பதாகச் சங்கத்துக்கு முறைப்பாடு கிடைத்துள்ளது. அதிலிருந்து ஒரு வயர் தங்கள் யன்னலுக்குள் போவதை நானும் நேரில் கண்டேன். கடற்கரைக்குப் போகிற சிறுவர் எல்லாரும் அதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். இது விதி ஏழை மீறும் செயல். உடனடியாகக் கழற்றவும்.

யாக்கோப்பு
தலைவர்


05.02.2025

தம்பி,

விதி ஏழை எடுத்துத் திரும்ப வாசி. கூரை, சுவர், தரை. படகு என்று எங்கே இருக்கிறது?

படகு வீட்டோடு சேர்ந்ததல்ல. படகு உன் சங்கத்தின் கீழ் வராது, கடற்றொழிலாளர் சங்கத்தின் கீழ்தான் வரும். அதன் இலக்கம் முகப்பில் பெரிதாக எழுதிக் கிடக்கிறது, நேற்றுத்தான் றொசான் புதுப் பெயின்ற் அடித்தான். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் எல்லாரும் படகை வளவுக்குள் உருட்டி வைப்பது வழமை. உன் படகும் உன் வளவில்தான் கிடக்கிறது. நீ தலைவரானதிலிருந்து அதற்குக் கடல் மறந்துபோயிற்று.

யார் முறைப்பாடு தந்தது என்று நான் கேட்கமாட்டேன். பக்கத்து வீட்டுச் சிவரூபியாக இருக்காது, அவள் நேற்றும் வந்து என் வீட்டில் நாடகம் பார்த்தாள். அவளோடு இன்னும் பன்னிரண்டு பேர். எல்லாரும் சங்க உறுப்பினர்கள்.

கலிஸ்ரா போன் எடுத்தாள். நான் படகு விசயத்தைச் சொன்னதும் அங்கே கிடந்து சிரித்தாள். "அம்மம்மா, நீங்கள்தான் எங்கட ரீமுக்குத் தலைவி" என்றாள். சொல்லி வைக்கிறேன், உனக்கும் தெரியட்டும்.

அக்கா


11.02.2025

திருமதி புனிதமலர் அவர்களுக்கு,

நிர்வாகக் குழு கூடி ஆராய்ந்தது. படகு வீட்டின் பகுதி அல்ல என்ற தங்கள் வாதம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

ஆனால் விதி பதினொன்று, பாவனையில் இல்லாத பொருட்களை முன்வளவில் வைக்கக்கூடாது என்கிறது. கடல் இப்போது அடங்கிவிட்டது. மற்றவர்களின் படகுகள் எல்லாம் தொழிலுக்குப் போகின்றன. தொழிலுக்குப் போகிற படகுதான் படகு. போகாமல் வளவில் கிடப்பது டிஷ் தாங்குகிற மேடை. ஆகவே தங்கள் படகு தொழில் நாட்களில் ஒழுங்காகக் கடலுக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் டிஷ்ஷைக் கழற்ற வேண்டும். எனது படகுக்கும் இதே விதிதான். அதை நாளைக்கே கடற்கரையில் இறக்குகிறேன்.

யாக்கோப்பு
தலைவர்

தலைவராக இல்லாமல் ஒரு வார்த்தை எழுதுகிறேன். அன்றைக்கு டிஷ் விழுந்தபோது என் மனுசி றீற்றா குசினிக்குள்தான் நின்றவ. கஞ்சிக்கு உப்பு எடுக்கத் திரும்பினபடியால் தப்பினவ. உங்கள் மச்சாள் அதை யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்கு மனம் நோகும் என்று. காற்று இரைகிற நாட்களில் இன்னமும் குசினிக்குள் போகப் பயப்படுகிறவ. நான் விதி கொண்டுவந்தது ஏன் என்று நீங்கள் கேட்கவேயில்லை அக்கா.


17.02.2025

தம்பி,

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை மூன்று தரம் வாசித்தேன். பிறகு மச்சாளுக்குப் பிட்டும் கணவாய்க் கறியும் குடுத்துவிட்டேன். ஏன் என்று அவவுக்கு விளங்கியிருக்கும். பாத்திரம் திரும்பி வந்தபோது அதற்குள் பால்ரொட்டி இருந்தது. அந்தக் கதை எங்கள் இருவருக்குள்ளும் முடிந்தது. நீ இடையில் வராதே.

இனிச் சந்தோசமான செய்தி. உன் தீர்ப்பின்படி எங்கள் படகு தொழிலுக்குப் போகிறது! டிஷ்ஷோடுதான் போகிறது. ஒருக்கால் கழற்றினால் திரும்ப அந்தச் சனலைப் பிடிக்க அரை நாள் போகும் என்று றொசான் சொல்லிவிட்டான். விடியப்புறம் வயரை மட்டும் கழற்றிவிட்டு இறக்குகிறான். வெயில் ஏறமுதல் வந்துவிடுவான். படலைக்குள் தடி போட்டு உருட்டி, வழமையான அடையாளத்தில் நிறுத்தி, வயரைக் கொழுவினால் படம் பளிச்சென்று வருகிறது.

கடலில் நடந்த கூத்தைக் கேள். கடற்படைக்காரர் மறித்து, "இது என்ன?" என்று டிஷ்ஷைக் காட்டிக் கேட்டார்களாம். றொசான், "அம்மம்மான்ர ரீவி" என்றானாம். அவர்களுக்குத் தமிழ் அரைகுறை, நம்பிக்கையும் இல்லை. பிறகு கலிஸ்ராவின் படத்தைப் போனில் காட்டி, பந்து, நேபாளம் என்று கையாலும் காலாலும் விளங்கப்படுத்தியிருக்கிறான். கடைசியில் அவர்களில் ஒருவன் கலிஸ்ராவின் ஆட்டம் எப்போது என்று கேட்டானாம்!

இறுதிப் போட்டி வாற ஞாயிற்றுக்கிழமை. கலிஸ்ராவின் அணி இறுதிக்கு வந்துவிட்டது, உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்காதே. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. பூசை முடிய படகு வளவில் ஆடாமல் அசையாமல் நிற்கும். உன் விதியும் மீறப்படாது. ஆண்டவரே பார்த்து வைத்த நாள்.

நீ வருவதென்றால் படலைக்கு வெளியே நின்று பார்க்கலாம். எழுத்தில் கேட்டால் உள்ளே வர அனுமதி தருவதைப் பற்றி ஆலோசிப்பேன்.

அக்கா


22.02.2025, சனி

தம்பி,

இதைப் பெட்டியில் போடவில்லை. சிவரூபியின் கையில் குடுத்து உன் வீட்டுக்கு ஓடச் சொல்லியிருக்கிறேன்.

நேபாளத்தில் நாளைக்குப் பெருமழையாம், போட்டியை இன்றைக்குப் பின்னேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கலிஸ்ரா போன் எடுத்துச் சொல்லும்போது றொசான் இறங்கிப் போய்விட்டான். வெயில் ஏறமுதல் வருகிறவன், மத்தியானமாகிவிட்டது, இன்னும் காணவில்லை. போன் வேலை செய்யவில்லை. மற்றப் படகுகள் எல்லாம் வந்துவிட்டன. வடக்குப் பக்கமாகப் போனவன் என்று ஒருவர் சொல்கிறார்.

எனக்கு ரீவி வேண்டாம். கலிஸ்ரா கப் தூக்கட்டும், தூக்காமல் விடட்டும். பிள்ளை கரைக்கு வரவேண்டும்.

நீதான் படகு கடலுக்குப் போகவேண்டும் என்று எழுதினாய். இப்போது நீ போ.

அக்கா


23.02.2025

அக்கா,

பூசையில் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நேரில் சொன்னால் நீங்கள் முதல் வசனத்திலேயே சிரித்துவிடுவீர்கள், மிச்சம் எனக்கு வராது.

உங்கள் துண்டைச் சிவரூபி தந்தபோது நான் சோற்றுக் கோப்பையின் முன் இருந்தேன். றீற்றா அதை வாசித்துவிட்டு, "தலைவர் ஐயா, கூட்டம் கூட்டி முடிவெடுத்துப்போட்டோ போகப்போறியள்?" என்றா. பிறகு கை கழுவக்கூட நேரமில்லை.

வடக்கே போய்ச் சுற்றிப் பார்த்தேன். ஒரு படகும் கண்ணில் படவில்லை. அப்போதுதான் தூரத்தில், வெயிலுக்கு மினுங்கிக்கொண்டு, வெள்ளையாய் ஒரு சட்டி வானத்தைப் பார்த்தபடி மிதந்து வந்தது. நான் தடைசெய்த அந்தச் சாமான் இல்லாவிட்டால், நான் அவனைத் தாண்டியே போயிருப்பேன் அக்கா.

எஞ்சின் நின்றுவிட்டதாம். டிஷ் பாய்மரத்துப் பாயைப்போலக் காற்றைப் பிடித்து இழுத்ததில் படகு தன் பாட்டுக்குப் போயிருக்கிறது. போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அவன் என்னைக் கண்டதும் முதல் கேட்டது, "சின்னத் தாத்தா, இண்டைக்கோ மச்?" எப்படித் தெரியும் என்றேன். "நீங்கள் கடலுக்கு வந்திருக்கிறியள், அப்ப பெரிய விசயமாத்தான் இருக்கும்" என்றான். கட்டி இழுத்துக்கொண்டு வந்தேன்.

மிச்சம் உங்களுக்கே தெரியும். நாங்கள் வரும்போது இரண்டாம் பாதியும் முடியப் போகிறது. தடி போட்டு வளவுக்குள் உருட்ட நேரமில்லை. ரீவியைக் கரைக்குத் தூக்கி வரச்சொல்லி முதலில் கத்தியது யார் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான்தான். உங்கள் யன்னலிலிருந்து வயரை நீட்டினதும் நான்தான். தண்ணீருக்குள் இறங்கிப் படகை வளவில் நிற்கிற திசைக்கே திருப்பிப் பிடியுங்கோடா, ஆடினால் படம் போய்விடும் என்று சொன்னதும் நான்தான். நிர்வாகக் குழு முழுக்க நெஞ்சளவு தண்ணீரில் நின்று ஒரு டிஷ்ஷை அசையாமல் பிடித்திருந்தது. எங்கள் செயலாளர் கதிர்காமநாதன் நீந்தத் தெரியாத மனுசன், அவரும் நின்றார். விதி ஏழை எழுதிய கை அவருடையது.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். ஆட்டம் சமநிலையில் முடிந்து, பெனால்ரி வந்து, கடைசி உதை. கலிஸ்ரா அங்கே கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் கதிரையை விட்டு எழும்பி ரீவிக்குக் கிட்டப் போய் நிற்கிறீர்கள். நான் படகின் முகப்பைப் பிடித்திருந்தேன். முகப்பை விட்டால் படகு திரும்பிவிடும் என்று மற்றவர்களுக்குச் சொல்லித் தந்தவனும் நான்தான். அவள் பந்து போகிற பக்கமே பாய்வது தெரிந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளிவிட்டேன்.

படம் அறுந்துபோயிற்று.

பிறகு யாரோ ஒருவரின் போனுக்குச் செய்தி வந்தது, சனம் கூத்தாடியது, அவள் பந்தைப் பிடித்துவிட்டாள், கப் எங்களுக்கு என்று ஆளுக்காள் கத்தினார்கள். நீங்கள் மட்டும் புள்ளி புள்ளியாய்க் கிடந்த ரீவியைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு சொல் சொல்லவில்லை. என்னைப் பேசியிருந்தால் சுகமாயிருந்திருக்கும்.

நீங்கள் கேட்டது அந்த ஒன்றைத்தான். பேத்தி பந்து பிடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று. அதை நான் கெடுத்துவிட்டேன். மன்னியுங்கோ.

பொதுநோக்கு மண்டபத்துக்குப் பக்கத்தில், கொங்கிறீற் அடித்தளம் போட்டு, எந்தப் புயலுக்கும் அசையாத ஒரு கம்பம் நட்டு, அதில் எல்லாருக்குமாக ஒரு டிஷ் பூட்டலாம், அதிலிருந்து வீட்டுக்கு வீடு வயர் இழுக்கலாம் என்று குழு ஒத்துக்கொண்டிருக்கிறது. றீற்றாவும் சரி என்றுவிட்டா, கம்பம் எங்கள் குசினிக்குத் தூரத்தில் நிற்கவேண்டுமாம். யாராவது ஒரு உறுப்பினர் எழுத்தில் கேட்க வேண்டும். நீங்கள் கேட்பீர்களா?

தம்பி
யாக்கோப்பு


26.02.2025

என் தம்பி யாக்கோப்புவுக்கு,

எழுத்தில் கேட்கிறேன்: கம்பம் நடு. ஆழமாய் நடு. எழுத்து வேலை முடிந்தது.

நான் ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று நினைக்கிறாய்? கோபத்திலா? அட மடையா. படம் அறுந்ததும் நான் திரும்பிப் பார்த்தேன். கிழட்டு வயதில், சேட்டோடு, தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தண்ணீருக்குள் எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளை பந்தைப் பிடித்துவிட்டாள் என்று. யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. கண் துடைக்கிறதை நீ காணக்கூடாதென்றுதான் திரும்பவும் ரீவிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். தொண்டைக்குள் நின்ற அந்த மீன் முள்ளும் அதோடு போய்விட்டது.

கலிஸ்ரா அன்றைக்கு இரவே போன் எடுத்தாள். முதல் கேள்வியே, "அம்மம்மா, கடைசிப் பந்து பாத்தனீங்களோ?" நான் என்ன சொல்ல? "ஓம் பிள்ளை, பாத்தனான்" என்றேன். பொய்யல்ல. உன் முகத்தில் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வருகிறாளாம், கப் கொழும்பில் நிற்குமாம், பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வருகிறாளாம். படலையிலிருந்து கோயில்வரைக்கும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். சங்கத்திடம் ஒலிபெருக்கி இருக்கிறது, அதற்கு விதி ஏதும் இருந்தால் இன்றைக்கே மாற்று.

றொசான் எஞ்சினைத் திருத்தக் குடுத்துவிட்டான். டிஷ்ஷைப் படகிலிருந்து கழற்றச் சொன்னேன், மாட்டேன் என்கிறான். கடலில் காணாமல் போனால் சின்னத் தாத்தா தேடிப்பிடிக்க வசதியாம். பேச்சைப் பார்!

கடைசியாக ஒரு காரியம். நேற்றுப் பேப்பரில் வந்த படத்தை நீ பார்த்திருப்பாய். கலிஸ்ரா ஒரு பக்கமாய்ப் பாய்ந்து, கால் இரண்டும் தரையில் இல்லாமல், விரல் நுனியில் அந்தப் பந்து. அந்தக் கடைசிப் பந்துதான் அது. மண்டபத்து அறிவித்தல் பலகையில் நீ மாலையோடு நிற்கிற திறப்புவிழாப் படம் ஒன்று இருக்கிறதே, மழைக்கு நனைந்து உன் முகம் பாதி போய்விட்டது. அதை எடுத்துவிட்டு, பேப்பர் படத்தைப் பெரிதாய் அடித்து ஒட்டு. விதி ஏழுக்கு மேலே ஒட்டு. விதி கீழே கிடக்கட்டும், பாவம், அதுவும் நல்லதுக்குத்தான் வந்தது.

ஒட்டினதும் சொல்லு. நீயும் நானும் போய் அதற்கு முன்னால் கதிரை போட்டு இருப்போம். அந்தப் பந்தை நான் ஆறுதலாய்ப் பார்க்க வேண்டும். நீயும் பக்கத்தில் இருந்து விரும்பினபடி துள்ளு. இந்தப் படம் யார் கையை விட்டாலும் அறாது.

அக்கா
புனிதமலர்